தீயணைக்கப் போனவர்கள் அறியாத சரக்கு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்றொரு சிற்றூர். மொத்தம் 3,000 பேர்கூட இல்லை. சம்பளம் கொடுத்துத் தீயணைப்புப் படை வைத்துக்கொள்ள ஊருக்கு வசதி கிடையாது, தொண்டர்கள்தான் படை. பகலில் நகர அலுவலகத்தில் செயலாளராக இருப்பவரே, அழைப்பு வந்தால் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவார். 2013 ஏப்ரல் 17 அன்று இரவு ஏழரை மணிவாக்கில், உரக் கிடங்கில் தீ என்று தகவல் வந்தபோதும் அப்படித்தான் ஏறினார்கள். அன்று ஊரில் அவசர மருத்துவ உதவி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்கு வந்திருந்த பக்கத்து ஊர்த் தொண்டர்களும் கூடவே ஓடினார்கள். டல்லஸ் நகரத் தீயணைப்புத் துறைக் கேப்டன் ஒருவரின் வீடு வெஸ்டில் இருந்தது. அன்று அவருக்குப் பணி இல்லை, ஆனாலும் போனார்.

சுமார் இருபது நிமிடம்தான். 7.51க்குக் கிடங்கு வெடித்தது.

இறந்தவர்கள் 15 பேர். அவர்களில் 12 பேர் தீயோடு போராடச் சென்றவர்கள்: தொண்டர்கள் 9, அந்தக் கேப்டன், கைகொடுக்கப் போன ஊர்க்காரர்கள் 2. தொண்டர்களில் அண்ணன் தம்பி இருவரும் உண்டு. 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். முதியோர் இல்லமும் அடுக்குமாடிக் குடியிருப்பும் பள்ளிக்கூடமும் சிதைந்தன. பள்ளி நேரம் முடிந்திருந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள். எட்டு நாள் கழித்து, பக்கத்து நகரமான வேகோவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு அதிபர் ஒபாமாவே வந்தார்.

அஞ்சலி செலுத்த வேண்டியதுதான். ஆனால் அந்த 12 பேரும் எதனால் செத்தார்கள் என்று கேட்காமல் செலுத்தும் அஞ்சலி பாதி அஞ்சலிதான். வெடித்தது உரமாகப் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட். அது தானாக எரியாது. மற்றவை எரியத் துணைபோகும். அடைபட்ட இடத்தில் கடும் சூடேறி, புகைக்கரியோ எண்ணெயோ கலந்துவிட்டால் வெடிமருந்தாகிவிடும். வெஸ்டில் அதை மரத்தாலான அறைகளில் கொட்டி வைத்திருந்தார்கள். தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பும் கிடையாது. அமெரிக்க வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியம் 2016இல் வெளியிட்ட இறுதி அறிக்கை, தொண்டர்களுக்கு இந்த உரத்தின் ஆபத்து பற்றிய பயிற்சி போதவில்லை என்று பதிவு செய்தது. கிடங்கின் அம்மோனியா தொட்டிகள்தான் அவர்களுக்குப் பெரிய அச்சமாக இருந்தன. ஆபத்து பக்கத்து அறையில் இருந்தது.

இதில் வயிறெரியச் செய்யும் செய்தி ஒன்று உண்டு. 270 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பதாக அந்த நிறுவனம் மாநில அரசுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தது. அப்படிக் கொடுக்க வைத்தது, 1986இல் வந்த 'மக்களின் தகவல் அறியும் உரிமை'ச் சட்டம். போபாலில் 1984இல் ஆயிரக்கணக்கானோர் மாண்டதன் அதிர்ச்சியில் அமெரிக்கா இயற்றிய சட்டம் அது. சேமிப்பு விவரம் உள்ளூர்த் தீயணைப்புப் படைக்கும் போக வேண்டும் என்கிறது. தாளில் இருந்த விவரம், இந்தக் கிடங்கில் தீப்பிடித்தால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்ற ஒத்திகையாக மாறவேயில்லை.

இதே டெக்சஸில், 1947 ஏப்ரல் 16 அன்று, டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பல் இதே சரக்கோடு வெடித்தது. அந்த ஊர்த் தொண்டர் படையில் இருந்த 28 பேரில் 27 பேர் மாண்டார்கள். 66 ஆண்டுகள் போதாதா ஒரு பாடத்தைப் படிக்க? 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்தபோது, தீயணைக்க அனுப்பப்பட்ட குழுவில் 10 பேர் பலியானார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அவர்களிடமும் சொல்லியிருக்கவில்லை.

பெய்ரூட் செய்தி வந்த பிறகுதான், சென்னை மணலியில் 2015 முதல் கண்டெய்னர்களில் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டது.

வெஸ்டுக்குப் பிறகு சில மாறின. 2015இல் டெக்சஸ் இயற்றிய சட்டம், எரியக்கூடிய பொருட்களிலிருந்து 30 அடி தள்ளி இந்த உரத்தை வைக்கச் சொன்னது. உள்ளூர்த் தீயணைப்பு அதிகாரிகள் கிடங்குக்குள் நுழைந்து பார்க்கவும் அதிகாரம் தந்தது. ஆனால், மிக ஆபத்தான வேதிப்பொருட்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை 2024இல் நடந்த திருத்தத்திலும் ஏற்கப்படவில்லை. இது வருத்தத்துக்குரிய பிடிவாதம்.

உயிர் போன பின் குடும்பத்துக்கு என்ன? அந்தக் கிடங்குக்கு இருந்த பொறுப்புக் காப்பீடு 10 லட்சம் டாலர் மட்டும். ஊருக்கு நேர்ந்த நட்டத்தில் அது ஒரு துளி. அமெரிக்காவில் 1976 முதல், பணியில் இறக்கும் தீயணைப்பாளர் குடும்பத்துக்கு மத்திய அரசு ஒட்டுமொத்தத் தொகை தருகிறது. இன்று அது 4 லட்சம் டாலருக்கு மேல். தொண்டருக்கும் அதே தொகை. மனைவி, பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி உண்டு. தீயணைப்பாளர்களைப் பணியில் அதிகம் பலிகொள்வது நெருப்பல்ல, மாரடைப்பு என்பதால், பணி முடிந்து 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தாலும் அதைப் பணிக்கால மரணமாகவே கருதலாம் என்று 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. படையில் பெயர் பதியாமல் உதவிக்கு ஓடியவர்களின் நிலைதான் சிக்கல். ஆகவே பெயர்ப் பதிவு, பயிற்சிச் சான்று, அழைப்பு வந்த நேரக் குறிப்பு ஆகியவற்றைப் படை ஒழுங்காக வைத்திருப்பதில்தான் பின்னாளில் அந்தக் குடும்பத்தின் சோறு இருக்கிறது.

இந்தியாவில் அபாயகரமான வேதிப்பொருட்களுக்கு 1989ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமிக்கும் நிறுவனம், விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றியிருக்கும் மக்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். வளாகத்துக்கு வெளியிலான அவசரத் திட்டமும் இருக்க வேண்டும். விபத்தில் தொழிலாளர் அல்லாதவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, 1991ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கோரலாம். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 5 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் தனி. கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், அந்த அவசரத் திட்டம் இருக்கிறதா, ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது, தீயணைப்பு நிலையத்தில் அதன் பிரதி இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்.