எத்தனைக்கு எத்தனை?

சனிக்கிழமை மாலையானால் எங்கள் தோட்டத்துப் புலனக் குழுவில் ஒரு கேள்வி வந்து விழும். "இன்னைக்கு எத்தனைக்கு எத்தனை?" கேட்பவர் யாராகவும் இருக்கலாம். அடுத்த அரை மணி நேரத்தில் நாற்பது, ஐம்பது பதில்கள் வந்துவிடும். பேராக் ஆடும் நாள் என்று அர்த்தம்.

கடந்த சில மாதங்களாக அந்தக் கேள்வி வருவதில்லை. 2025-26 சூப்பர் லீக்கில் பேராக் இல்லை. நிதி நெருக்கடியால் அணி விலகிக்கொண்டது. 1926 முதல் 2018 வரை எட்டு முறை கிண்ணம் வென்ற மாநிலத்துக்கு இப்போது லீக் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. காற்பந்து விமர்சகர்கள் அதன் காரணங்களை எழுதட்டும். எனக்குத் தெரிந்தது கோல் கணிப்பு மட்டும்தான்.

எங்கள் தோட்டம் என்று நான் சொல்வதும் இப்போது இல்லாத ஒன்றுதான். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையில் பாதி வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. லயத்து மக்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறினார்கள். குழுவில் இருக்கும் எழுபது பேரில் பாதிப் பேர் காலை வணக்கப் படத்துக்குப் பூ ஒன்று அனுப்புவதோடு சரி. அவர்களும் வாய் திறப்பது ஆட்ட நாளில்தான்.

விதிகள் எளிமையானவை. பந்து உருளுவதற்கு முன் எழுதிவிட வேண்டும். 90 நிமிட முடிவுதான் கணக்கு. பணம் கூடாது. சரியாகச் சொன்னவருக்கு அடுத்து சந்திக்கும்போது புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம்.

இந்தப் பழக்கத்துக்கு ஊற்று எங்கள் தோட்டத்துக் கடை. கடைச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருக்கும். அரிசி, மண்ணெண்ணெய் விலையெல்லாம் அதில்தான். முக்கியமான ஆட்டம் வந்தால் கடைக்காரர் விலைகளை அழித்துவிட்டுப் பெயர்களை எழுதுவார். பெயருக்கு நேராக இரண்டு எண்கள். பேராக்கும் சிலாங்கூரும் மோதினால் பலகை போதாது, கதவிலும் எழுதுவார்.

அந்தக் காலத்தில் சிலாங்கூர் பெரிய அணி. மொக்தார் டஹாரி இருந்தார். கோலில் ஆர். ஆறுமுகம் இருந்தார். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த ஆறுமுகம். 'ஓலா போலா' படத்தில் வரும் கோல் காவலரின் அசல் அவர்தான் என்று சொன்னால் இளம் வாசகர்களுக்கு விளங்கும். அப்பாவுக்கு அவர் தெய்வம். மாநிலமோ பேராக். பாவம், என்ன செய்வார்? ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு ஒன்று என்றே எழுதுவார். பேராக்குக்கு ஒரு கோல் தர வேண்டும், ஆறுமுகத்துக்கு அதற்கு மேல் விழக் கூடாது. பேராக்கும் தோற்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற எண் அதுதான்.

ஆட்டத்தைக் கிராணி வீட்டுத் தொலைக்காட்சியில் ஜன்னல் வழியாகப் பார்ப்போம். இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். பல ஆட்டங்களில் கடைசிப் பதினைந்து நிமிடத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. இருட்டில் யாராவது டிரான்சிஸ்டரைத் திருப்பி மலாய் வர்ணனையைப் பிடிப்பார்கள். அதுவும் கரகரத்தால் மறுநாள் காலை பெரட்டுக்குப் போகும்போதுதான் முடிவு தெரியும். அதுவரைக்கும் பலகையில் எழுதிய எல்லோருமே ஜெயித்தவர்கள்.

பலகையில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. சொந்தத் தோட்டம் ஆடும்போது சொந்தத் தோட்டம் தோற்கும் என்று யாரும் எழுத மாட்டார்கள். அதை மீறியவள் நான்.

1979. எங்கள் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். இரண்டு தோட்டத்துக்கும் வருஷா வருஷம் இதே கதைதான். பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள், பந்து என்று வந்துவிட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அந்த வருடம் சரியாகச் சொல்பவருக்குக் கிராணி ஒரு பெரிய மைலோ டின் தருவதாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. என் அத்தை வீடு பக்கத்துத் தோட்டத்தில் இருந்ததால் அவர்கள் சாயங்காலம் பழகுவதை ஒரு வாரம் பார்த்திருந்தேன். ஈப்போவில் பள்ளி அணிக்கு ஆடிய பையன் ஒருவன் முன்னால் ஆடினான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் கோல் காவலருக்கோ பால் வெட்டும் கத்தி பட்டு இரண்டு விரலில் கட்டு. இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்?

பொம்பளைப் பிள்ளைகள் பெயரைப் பலகையில் எழுத மாட்டார்கள். நெத்திலியும் தேங்காய் எண்ணெயும் வாங்கப் போனபோது கடைக்காரரிடம், "அண்ணன் பேருல எழுதிக்குங்க, அவங்களுக்கு ரெண்டு, நமக்கு ஒன்னு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சாக்பீஸைப் பார்த்தார், எழுதிவிட்டார். கடைக்குள் வெளிச்சம் மங்கிய நேரம். வேறு யாரும் கவனிக்கவில்லை.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். அண்ணன் அந்த அணியில் தற்காப்பு ஆட்டக்காரர்.

2-1 என்ற கணக்கில் தோற்றோம். இரண்டாவது கோல் அண்ணன் நின்ற பக்கமாகத்தான் வந்தது. திடலில் மழை ஈரம். அவர் சறுக்கி விழுந்தார், அந்த ஈப்போ பையன் தாண்டிப் போனான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மாலையில் கடைக்குப் போனவர்கள் பலகையைப் பார்த்தார்கள். இடப்பக்கம் ஆடியவனின் பெயர், அதற்கு நேராக எதிரணிக்கு 2, நமக்கு 1.

"பந்தை வித்துட்டான்" என்று முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் லயம் முழுக்க அந்த வார்த்தைதான். ஒரு மைலோ டின்னுக்காகவா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அண்ணனுக்குப் பதினெட்டு வயது. தான் எழுதவே இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, குளிக்கும் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஆட்ட உடையைக்கூட மாற்றவில்லை.

நான் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அடி விழும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போனார். கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் கூட்டம் அங்கேதான் நின்றது. "எழுதச் சொன்னது இவ. அவன் பேரை அழிச்சிட்டு இவ பேரை எழுதுங்க" என்றார். கடைக்காரர் தலையாட்டி, "ஆமா, பாப்பாதான் வந்து சொல்லிச்சு" என்று ஒத்துக்கொண்டார். இதை மாலையிலேயே சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்குப் பயந்திருப்பார். அந்தப் பலகையில் ஏறிய முதல் பெண் பெயர் என்னுடையது என்று பின்னாளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அன்று பெருமை ஒன்றும் இல்லை. மைலோ டின் ஆயாக்கொட்டகைக்குப் போனது. என் வயதுப் பிள்ளைகள் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அண்ணன் பேசினார். "உண்மையிலேயே தோப்போம்னு நெனச்சியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப ஏன்லா எங்கிட்ட சொல்லல, நான் அவனை ரெண்டு பேரா புடிச்சிருப்போமே" என்றார்.

அண்ணனுக்கு அந்த வார்த்தை எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது எனக்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் புரிந்தது. 1994இல் மலேசியக் காற்பந்தையே உலுக்கிய சூதாட்ட விவகாரம் வெடித்தது. 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள், 58 பேர் தடை செய்யப்பட்டார்கள். சிங்கப்பூரும் அந்த ஆண்டோடு மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. அதற்குள் நாங்கள் புந்தோங்குக்குக் குடிவந்துவிட்டோம். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "நான் வழுக்கி விழுந்ததுக்கே ஒரு ராத்திரி சாப்பிடல. இவனுங்க எப்படி வீட்டுக்குப் போயி சாப்பிட்டானுங்க?" அதன் பிறகு நான்கு வருடம் அவர் எந்த ஆட்டத்துக்கும் எண் சொல்லவில்லை. முடிவு முன்பே யாருக்கோ தெரிந்திருக்கும் ஆட்டத்தில் நாம் எதைக் கணிப்பது என்பார்.

குழுவில் பணம் கூடாது என்ற விதி அவர் போட்டதுதான். காற்பந்துப் பந்தயம் நம் நாட்டில் சட்டத்துக்குப் புறம்பானது. 2010 உலகக் கிண்ணத்தின்போது அதைச் சட்டப்பூர்வமாக்கப் பேச்சு எழுந்து, எதிர்ப்பு வந்ததும் கைவிடப்பட்டது. ஆனாலும் கைப்பேசியில் நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் லயத்துப் பையன் ஒருவன் ஐம்பது வெள்ளியில் தொடங்கினான். மோட்டார் போனது, பிறகு மனைவியின் சங்கிலி போனது. ஒருநாள் குழுவில் யாரோ விளையாட்டாக "பத்து வெள்ளி கட்டலாமா" என்று கேட்டபோது அண்ணன் அவரை அன்றைக்கே நீக்கிவிட்டார். கொஞ்சம் கடுமைதான். மூன்று மாதம் கழித்து மன்னிப்புக் கேட்ட பிறகு திரும்பச் சேர்த்தார்.

அண்ணன் மறுபடி எண் சொன்னது 1998இல். பேராக் 28 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தை வெல்லப் பார்த்த ஆட்டம், எதிரில் திரெங்கானு. அண்ணன் 2-0 என்றார். அண்ணி 3-0 என்றார். அண்ணி எப்போதுமே 3-0தான். எதிரணி எது, மழையா வெயிலா என்றெல்லாம் பார்க்க மாட்டார். (அண்ணி அந்தப் பக்கத்துத் தோட்டத்து அத்தையின் மகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அப்பா வழக்கம்போல ஒன்றுக்கு ஒன்று. ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் இறந்து பத்து வருடம் ஆகப்போகிறது, கோலில் அவரும் இல்லை, எதிரில் சிலாங்கூரும் இல்லை. பழகிப்போன கை. ஆட்டம் 1-1 என்று முடிந்து, பினால்டியில் பேராக் 5-3 என வென்றது. வாழ்நாளில் அப்பா அத்தனை முறை எழுதிய எண் பெரிய ஆட்டத்தில் பலித்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான். தெருவே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும் கச்சாங் பூத்தேக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

இந்த ஒன்றுக்கு ஒன்றை என் மருமகனும் எழுதுகிறான். அண்ணன் மகன், கோலாலம்பூரில் தரவுப் பகுப்பாய்வு வேலை. மடிக்கணினியில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறான். இரு அணிகளும் சராசரியாக ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாகக் கோல் போடும் ஆட்டத்தில் அதிகம் வரக்கூடிய முடிவு 1-1 என்று விளக்குவான். "அதுவே நூத்துக்குப் பன்னிரண்டு தடவைதான் அத்தை வரும். மத்த எல்லாம் அதைவிடக் கம்மி. எல்லாருமே பெரும்பாலும் தப்பாத்தான் சொல்லுவோம், நான் கொஞ்சம் கம்மியா தப்பா சொல்லுவேன்." 2010இல் ஜெர்மனியில் ஓர் ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களுக்கு எட்டையும் சரியாகச் சொன்னதே என்றால், அது வெற்றியாளரைத்தான் சொன்னது, கோல் எண்ணிக்கையைச் சொல்லவில்லையே என்பான். அதுவும் சரிதான்.

பேராக் தோற்கும் என்று அட்டவணை காட்டினால் அதையும் தயங்காமல் போடுவான். 2021இல் அணி சரிந்து சூப்பர் லீக்கிலிருந்து இறங்கிய பருவத்தில் அவன் வாரா வாரம் பொட்டலம் வென்றான், வாரா வாரம் திட்டும் வாங்கினான். "துரோகி" என்று ஜொகூரிலிருந்து ஒரு மாமா எழுதினார், சிரிப்பு முகம் போடாமல். அப்போது அண்ணன் குழுவில் எழுதியது இவ்வளவுதான்: "அவன் பேருலதானே எழுதுறான். எழுதட்டும்."

2018 இறுதியாட்டத்தை மட்டும் அவன் அட்டவணையால் பிடிக்க முடியவில்லை. ஷா ஆலாமில் மறுபடியும் திரெங்கானு. 3-3. பினால்டியில் பேராக் 4-1. யார்தான் 3-3 என்று எழுதுவார்கள்? எழுபது பேரில் ஒருவரும் எழுதவில்லை. ஆனால் அண்ணி விடவில்லை. "என் மூணு வந்துச்சா இல்லையா? அந்தப் பக்கம் என்ன போட்டாங்கன்றது என் கணக்கில்லை" என்று குரல் பதிவு அனுப்பினார். பெரிய விவாதம் நடந்து, கடைசியில் அரைப் பொட்டலம் என்று தீர்ப்பானது.

அணி விலகிய பிறகு குழுவில் சிலர் லிவர்பூல், மென்செஸ்டர் யுனைடெட் என்று கேட்டுப் பார்த்தார்கள். பத்துப் பேர் பதில் போட்டார்கள். மூன்றாவது வாரம் நான்கு பேர். அந்த ஊரில் தோற்றால் நமக்கு யார் மேல் கோபம் வரும்? அண்ணி ஒருமுறை, எந்த ஆட்டமும் இல்லாத சனிக்கிழமை, "3-0" என்று மட்டும் போட்டார். தவறி அழுத்திவிட்டேன் என்றார் பிறகு.

போன மாதம் மருமகன் ஒரு யோசனை சொன்னான். வரும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளித் திடலை வாடகைக்கு எடுத்து, இரண்டு தோட்டத்துப் பிள்ளைகளும் எழுவர் ஆட்டம் ஆடலாம் என்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் ஒரு குழு இருக்கிறதாம், அவர்களும் தயார். ஆடப்போகிற பையன்களில் பாதிப் பேர் தோட்டத்தையே பார்த்ததில்லை. அண்ணன் பழைய கடைப் பலகைபோல ஒன்றைச் செய்யச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறார். அண்ணி தன் பிறந்த தோட்டத்துக்கு 3-0 என்று இப்போதே எழுதிவிட்டார், கணவரைப் பார்த்துக்கொண்டே. மருமகனிடம் புது அணிகள் பற்றி ஒரு தரவும் இல்லை, 1-1.

நான் சென்ற வாரம் ஒரு வேலையாகச் சுங்கை சிப்புட் போயிருந்தேன். அவர்கள் பையன்கள் பழகுவதைச் சும்மா பத்து நிமிடம் நின்று பார்த்தேன். ஒரு பையன் இருக்கிறான், பந்து காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்ததும் அண்ணனை அழைத்துச் சொல்லிவிட்டேன். பலகையில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.