அப்பாவின் ‘குட் மார்னிங்’ அதிகாலை 3.12-க்கு வருகிறதா? முதுமையில் தூக்கம் தொலைவது ஏன், மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியது என்ன?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ரோஜாப்பூ படத்தோடு அப்பா அனுப்பும் ‘குட் மார்னிங்’ மெசேஜை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அது வந்த நேரத்தை ஒருமுறை பாருங்கள். 3.12, 2.47, 3.30 என்று வாரத்தில் நான்கைந்து நாள் இருந்தால், வீடே தூங்கும்போது அவர் மட்டும் விழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

கேட்டால், “ராத்திரி பூரா கண்ணே அசரலம்மா” என்பார். பிள்ளைகளிடம் இருந்து வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. ஒன்று, “போனை நோண்டிட்டே இருந்தா எப்படிப்பா தூக்கம் வரும்?” இன்னொன்று, “மெடிக்கல்ல சொல்லி ஒரு மாத்திரை வாங்கிட்டு வரட்டுமா?”

திட்டுவதற்கும் மாத்திரைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். கேட்டதும் தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயத்தில் அது தொடங்குகிறது. தூக்கம் வராதவர், படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

வயசானால் தூக்கம் குறையத்தான் செய்யுமா?

பாதி உண்மை. 26 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கத்தைப் பரிந்துரைக்கும் அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்கிறது. அதாவது, தேவை பெரிதாகக் குறைவதில்லை.

மாறுவது தூக்கத்தின் தன்மை. வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைந்து, மேலோட்டமான தூக்கம் கூடுகிறது. பக்கத்து வீட்டு கேட் சத்தத்துக்கே விழிப்பு வரும். உடலின் உள்கடிகாரமும் கொஞ்சம் முன்னால் நகர்கிறது. ராத்திரி 8 மணிக்கே கண் சொக்கும். அதிகாலை 3, 4 மணிக்கே ‘விடிந்துவிட்டது’ என்று உடல் நினைக்கும். ஆகவே, இரவில் இரண்டு மூன்று முறை விழித்து, சில நிமிடங்களில் மறுபடி தூங்கிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

எப்போது அது நோய்?

தூங்குவதற்கான நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வருவதில் சிரமம், நடுவில் விழித்தால் மறுபடி தூங்க முடியாமை, அல்லது மிகச் சீக்கிரம் விழித்துவிடுவது. இது வாரத்தில் குறைந்தது 3 இரவுகள், 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பது. அதனால் பகலில் சோர்வு, எரிச்சல், மறதி என்று பாதிப்பு இருப்பது. இவை சேர்ந்தால்தான் நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 6 மணி நேரமே தூங்கினாலும் பகல் முழுக்கச் சுறுசுறுப்பாக இருக்கும் பாட்டிக்கு சிகிச்சை தேவையில்லை.

தொடங்கிவைப்பது ஒன்று, தொடரவைப்பது வேறு

தூக்கமின்மையைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் 1980-களில் ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றைய சிகிச்சைக்கு அதுதான் அடிப்படை. சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் சீக்கிரம் கலையும். அதன் மேல் ஒரு சம்பவம் வந்து விழும். முதுமையில் அதற்குப் பஞ்சமில்லை. ரிட்டயர்மென்ட், வாழ்க்கைத்துணையின் மறைவு, மூட்டு வலி, ஆபரேஷன், மகள் வெளிநாடு போனது என எதுவாகவும் இருக்கலாம். சம்பவத்தின் வேகம் அடங்கிய பிறகும் தூக்கம் திரும்பாமல் இருக்கக் காரணம், இழந்த தூக்கத்தை ஈடுகட்ட அவர் செய்யும் வேலைகள்.

அது எப்படி நடக்கிறது? “நேத்து தூங்கல, இன்னைக்காவது சீக்கிரம் படுப்போம்” என்று 9 மணிக்கே விளக்கை அணைக்கிறார். காலை 6 மணி வரை படுக்கையில் இருக்கிறார். மொத்தம் 9 மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்ந்ததும் உண்டு. இரவில் உடல் தருவது ஆறு மணி நேரம்தான் என்றால், மீதி மூன்று மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு புரள வேண்டியதுதான்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து, தூக்கத்துக்கான ‘பசி’யை ஏற்றுகிறது. சாயங்காலம் வயிறு நிறைய பஜ்ஜி சாப்பிட்டவருக்கு ராத்திரி இட்லி இறங்காது. நீண்ட பகல் தூக்கமும் அப்படித்தான். மாலை காபி இன்னொரு சிக்கல். காஃபின் இந்த அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. குடித்து சுமார் 5 மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடலில் இருக்கும்.

புரளும் அந்த மூன்று மணி நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தினமும் அங்கேயே படுத்துக் கவலைப்பட்டு, மணி பார்த்து, எரிச்சலடைந்தால், ‘படுக்கை என்றால் விழித்திருக்கும் இடம்’ என்று மூளை பழகிவிடுகிறது. ஹாலில் சீரியல் பார்த்தபடி சொக்கி விழுபவர், படுக்கைக்குப் போனதும் கொட்டக் கொட்ட விழிப்பது இதனால்தான்.

‘அரை மாத்திரைதானே!’

பழைய மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து மெடிக்கலுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால், முதியவர்களுக்குத் தூக்க மாத்திரையால் கிடைக்கும் லாபம் நினைப்பதைவிடச் சிறியது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதன்படி, மாத்திரையால் கூடிய தூக்கம் சராசரியாக 25 நிமிடங்கள். 13 பேர் எடுத்துக்கொண்டால் ஒருவருக்குத் தூக்கத்தின் தரம் மேம்படுகிறது. 6 பேர் எடுத்துக்கொண்டால் ஒருவருக்குப் பக்கவிளைவு வருகிறது.

அந்தப் பக்கவிளைவுகளில் முக்கியமானது தடுமாற்றம். இரவு 2 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும்போது மாத்திரையின் மயக்கம் தெளிந்திருக்காது. பாத்ரூமில் ஒரு வழுக்கல், இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை. 70 வயதில் இது வாழ்க்கையையே மாற்றிவிடக்கூடிய சம்பவம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் ‘பியர்ஸ்’ பட்டியல், அல்பிரசோலம், டயசிபாம் வகை மருந்துகளையும் சோல்பிடம் வகை மருந்துகளையும் முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்கிறது. தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. அவை மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம்.

இந்தியாவில் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம் ஆகியவை 2014-ல் நடைமுறைக்கு வந்த ‘ஷெட்யூல் எச்1’ பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்ற விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

மாத்திரைக்கு முந்தைய சிகிச்சை

இதன் பெயர் சி.பி.டி-ஐ. அதாவது, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வயது எதுவானாலும் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் அறிவித்தது. நார்வேயில் சராசரி வயது சுமார் 61 கொண்ட 46 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் தூங்குகிறார்கள் என்று அதில் கணக்கிட்டார்கள். சி.பி.டி எடுத்தவர்களுக்கு அது 81.4-லிருந்து ஆறு மாதத்தில் 90.1 சதவீதமாக உயர்ந்தது. சோபிக்ளோன் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது.

இதில் என்னதான் செய்கிறார்கள்?

1. தூக்க டைரி: இரண்டு வாரங்களுக்கு, படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றைக் காலையில் தோராயமாக எழுதுவது. ராத்திரி மணி பார்க்கக் கூடாது. கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடலாம்.

2. படுக்கை நேரத்தைக் குறைப்பது: டைரிப்படி சராசரித் தூக்கம் ஐந்தரை மணி நேரம், படுக்கையில் இருப்பதோ 9 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். எழும் நேரத்தை 5.30 என்று நிலையாக வைத்து, படுக்கப் போவதை 12 மணிக்குத் தள்ளுவார்கள். எவ்வளவு குறைத்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. தூக்கம் இறுகி, படுக்கை நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாக மாறியதும், வாரம் 15 நிமிடம் கூட்டிக்கொண்டே போவார்கள். முதியவர்களுக்கு ஒரேயடியாகக் குறைக்காமல், வாரம் அரை மணி நேரம் என்று மெதுவாகக் குறைக்கும் முறையும் உண்டு. முதல் ஒன்றிரண்டு வாரங்கள் பகலில் சோர்வு கூடும். அப்போது டூவீலர் ஓட்ட வேண்டாம். வலிப்பு நோய், இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், ஏற்கெனவே தடுமாறி விழுபவர்களும் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

3. தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது: 1972-ல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த முறை இது. கண் சொக்கினால் மட்டுமே படுப்பது. சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராததுபோல் தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது. சொக்கும்போது மறுபடி படுக்கைக்கு வருவது. படுக்கை தூங்குவதற்கான இடம் என்று மூளைக்குத் திரும்பக் கற்றுத்தருவதுதான் நோக்கம்.

4. பகலை ஒழுங்கு செய்வது: மதியத் தூக்கம் 3 மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள். காபி, டீ மதியத்தோடு சரி. 8 மணிக்கே சொக்கி 3 மணிக்கு விழிப்பவர்கள், இருட்டோடு வாக்கிங் போவதைவிட மாலை வெளிச்சத்தில் நடப்பது நல்லது. மாலை வெளிச்சம் உள்கடிகாரத்தைப் பின்னால் தள்ள உதவும்.

ஏற்கெனவே மாத்திரை போடுபவர் என்ன செய்வது?

இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்தச் சொல்ல வேண்டாம். பல மாதங்கள், வருடங்கள் எடுத்த மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் முன்பைவிட மோசமாகும்; சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் பேசி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

வயதானவர்களால் முடியுமா என்ற சந்தேகத்துக்கு கனடாவின் கியூபெக்கில் பதில் கிடைத்தது. 65 வயதைத் தாண்டிய, நீண்ட நாளாக இந்த மாத்திரைகளை எடுத்துவந்தவர்களுக்கு, அதன் ஆபத்துகளையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் விளக்கும் கையேடு ஒன்றை அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுமையாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் அது 5 சதவீதம். 2014-ல் வெளியான ஆய்வு இது.

தூக்கமின்மைக்குப் பின்னால் வேறு நோய் இருக்கலாம்

சி.பி.டி-ஐ தொடங்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

* சத்தமான குறட்டை, நடுவே மூச்சு நிற்பது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவது: ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். இவர்களுக்குத் தூக்க மாத்திரை ஆபத்தானது.
* படுத்ததும் காலில் குறுகுறுப்பு, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி: இரும்புச் சத்தைப் பரிசோதிக்க வேண்டும்.
* இரவில் பலமுறை சிறுநீர்: சர்க்கரை நோய், புராஸ்டேட் வீக்கம் காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையை மாலையில் போடுகிறாரா என்றும் பாருங்கள். நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.
* அதிகாலை விழிப்போடு எதிலும் ஆர்வமின்மை, சாப்பாடு குறைவது, “இனி இருந்து என்ன” என்ற பேச்சு: மனச்சோர்வின் அறிகுறி. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும், சென்னை கிண்டியில் உள்ள தேசிய முதியோர் நல மருத்துவமனையையும் அணுகலாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பிள்ளைகள் இன்றே செய்யக்கூடியது

‘தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள்’ என்று சொல்வது எளிது. எழுந்து எங்கே போவார்? இரண்டு அறை வீட்டில் ஒன்றில் மகனும் மருமகளும், இன்னொன்றில் பேரனோடு தாத்தா. லைட் போட்டால் பேரன் எழுந்துவிடுவான், ஹாலுக்கு வந்தால், “என்னாச்சுப்பா, உடம்புக்கு என்ன?” என்று வீடே பதறும். அதனாலேயே பலர் அசையாமல் இருட்டில் படுத்துக் கிடக்கிறார்கள்.

ஹாலில் ஒரு நாற்காலி, பக்கத்தில் மங்கலான விளக்கு, ஒரு புத்தகம் அல்லது ரேடியோ. அங்கிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, வழுக்காத மேட். எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவில்லை. கூடவே, “தூக்கம் வரலன்னா இங்க வந்து உட்காருங்கப்பா, யாரும் எதுவும் கேக்க மாட்டோம்” என்று ஒரு வார்த்தை.

அடுத்த முறை 3.12-க்கு ‘குட் மார்னிங்’ வந்தால், காலையில் அதற்கு ஒரு எமோஜி போடுவதோடு நிறுத்த வேண்டாம். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேளுங்கள். தூக்க டைரியின் முதல் வரியை அதிலிருந்தே தொடங்கலாம்.