வளைகுடாவின் நவீன கலை: அருங்காட்சியகங்களுக்கு முன்பே தொடங்கிய கதை

வளைகுடா நாடுகளின் நவீன கலை என்றதும் பலரது நினைவுக்கு வருபவை அபுதாபியின் சாதியாத் தீவில் எழுந்துள்ள பிரம்மாண்டமான அருங்காட்சியகங்கள். எண்ணெய்ப் பணத்தால் வெளிநாடுகளிலிருந்து வாங்கப்பட்ட கலை இது என்ற விமர்சனமும் உண்டு.

ஆனால் ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் நவீன கலை, அந்த அருங்காட்சியகங்கள் திட்டமிடப்படுவதற்குச் சுமார் கால் நூற்றாண்டுக்கு முன்பே வேர்விடத் தொடங்கியிருந்தது.

சந்தைக்கு வந்த கலை

அந்த முயற்சியின் மையமாக இருந்தவர் ஹஸன் ஷெரீஃப். 1951இல் பிறந்த இவர், 1970களில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரங்கள் வரைந்து வந்தார். பின்னர் லண்டனில் கலை பயின்றார்.

1980இல் ஷார்ஜாவில் எமிரேட்ஸ் நுண்கலைச் சங்கம் உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார். மேற்கத்தியக் கலை இயக்கங்கள் குறித்த எழுத்துகளை அரபு மொழியில் பெயர்த்து, இளம் கலைஞர்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

அழகிய காட்சியை வரைவதைவிட, ஒரு செயலோ எண்ணமோ கலையாக முடியும் என்பது அவரது நிலைப்பாடு. 1983இல் பாலைவனத்தில் குதித்து, அச்செயலைப் புகைப்படங்களாகப் பதிவு செய்தார். 1985இல் ஷார்ஜா மத்தியச் சந்தையில், பொதுமக்கள் நடமாடும் இடத்திலேயே கண்காட்சி நடத்தினார். இது கலைதானா என்ற கேள்வியை அவர் பல ஆண்டுகள் எதிர்கொள்ள நேர்ந்தது.

செருப்பும் கம்பியும்

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் செருப்பு, அட்டை, துணி, கயிறு ஆகியவற்றை வெட்டி, மடித்து, கட்டிக் குவித்து அவர் உருவாக்கிய படைப்புகள் பிற்காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. எண்ணெய் வருவாய்க்குப் பின் துறைமுகங்கள் வழியே வந்து குவிந்த நுகர்பொருட்களைப் பற்றிய விமர்சனமாக அவை பார்க்கப்படுகின்றன. ஒரே வேலையைக் கைகளால் திரும்பத் திரும்பச் செய்வதும் இப்படைப்புகளின் பகுதியே.

1993இல் தொடங்கிய ஷார்ஜா ஈராண்டுக் கலைவிழா, 2003இல் ஹூர் அல் காசிமியின் பொறுப்பில் சமகாலக் கலையின் பக்கம் திரும்பியது. இதன் பின்னர் அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் மீது உலகின் கவனம் கூடியது.

ஷெரீஃப் 2016இல் காலமானார். அடுத்த ஆண்டு ஷார்ஜாவில் தொடங்கிய அவரது பெரும் கண்காட்சி, பின்னர் ஜெர்மனியின் பெர்லினுக்கும் சுவீடனின் மால்மோ நகருக்கும் சென்றது. கலை இயக்கங்கள் ஐரோப்பாவிலிருந்தே பிற நாடுகளுக்குப் பரவும் என்ற வழக்கமான கணக்குக்கு இது மாறான பயணம்.

கட்டியவர்கள் எங்கே?

சாதியாத் தீவின் கதை வேறு வகையானது. லூவர் பெயரைப் பயன்படுத்த 2007இல் பிரான்ஸுடன் உடன்பாடு ஏற்பட்டது. அந்த அருங்காட்சியகம் 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் கிளை ஒன்று அமையும் என்ற அறிவிப்பு 2006இல் வெளியானது.

இக்கட்டுமானங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தெற்காசியத் தொழிலாளர்கள். வேலைக்காக முகவர்களுக்குச் செலுத்திய கட்டணத்தால் அவர்கள் கடனாளிகளாவதையும், அவர்களது கடவுச்சீட்டுகள் நிறுவனங்களிடம் இருப்பதையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2009இல் சுட்டிக்காட்டியது. தொழிலாளர் நலனுக்கான விதிமுறைகள் வகுக்கப்பட்டதாகத் திட்டத்தை நடத்திய அரசு நிறுவனம் கூறியது. சுதந்திரக் கண்காணிப்பாளர் ஒருவரையும் அது நியமித்தது.

தொழிலாளர் நலன் போதிய அளவு காக்கப்படவில்லை என்று கருதிய 130க்கும் மேற்பட்ட கலைஞர்கள், 2011இல் அபுதாபி குகன்ஹைமைப் புறக்கணிப்பதாக அறிவித்தனர். அவர்களுடனான பேச்சுவார்த்தையை 2016இல் குகன்ஹைம் முறித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, இந்தக் குழுவைச் சேர்ந்த இந்தியக் கலைஞர் அசோக் சுகுமாரனுக்கு எமிரேட்டுகள் விசா மறுத்தது.

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வளைகுடாவுக்குச் சென்ற பலருக்கு, ஷெரீஃபின் படைப்பில் உள்ள ரப்பர் செருப்பும் அட்டைப்பெட்டியும் அன்றாடம் பழகிய பொருட்கள். அவற்றைக் கலையாக ஏற்க அச்சமூகத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின. அருங்காட்சியகங்களை எழுப்பிய கைகள் அதே அளவு மதிப்பைப் பெற இன்னும் எவ்வளவு காலமாகும் என்பதே எஞ்சியுள்ள கேள்வி.