ரப்பரா, பாலியூரிதேனா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எது ஏற்றது?

"டக்!"

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு "டக்". காலை எடுத்தால் மறுபடியும் ஒரு "டக்". கியர் கம்பி தானாகவே ஓர் ஆட்டம் ஆடி நிற்கிறது. சிக்னலில் காரை நிறுத்தினால், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் முகங்கள் நடுங்குகின்றன.

காருக்கு வயது 30-ஐத் தாண்டிவிட்டது. சொந்தக்காரர் பதறிப் போகிறார். "கியர் பெட்டி போய்விட்டதோ? என்ஜினே போய்விட்டதோ?" என்று கலங்குகிறார்.

பல கார்களில் இரண்டுமே போயிருக்காது. போனது என்ன தெரியுமா? கைக்குள் அடங்கிவிடும் ஒரு ரப்பர் துண்டு!

அதற்கு "மவுண்டிங்" என்று பெயர். என்ஜினுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் உட்கார்ந்து, என்ஜினைத் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். தேய்ந்துபோன அந்த ரப்பரை எடுத்துவிட்டுப் புது ரப்பரைப் போடுவதா, பாலியூரிதேன் என்ற கெட்டியான பொருளைப் போடுவதா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இந்த வழக்கு நடக்கிறது.

ஹிரோஷிமாவில் பிறந்த கார்

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் உள்ள மாஸ்டா கம்பெனி தயாரித்த "எம்.எக்ஸ்.-5". 1989-ம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது. அமெரிக்கர்கள் இதை "மியாட்டா" என்று அழைக்கிறார்கள். ஜப்பானில் "யூனோஸ் ரோட்ஸ்டர்" என்ற பெயரில் விற்பனையானது.

இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். கூரையை மடித்துவிடலாம். என்ஜின் 1,600 சி.சி.தான். எடை ஒரு டன் கூட இல்லை. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் ஆனதுபோல இருக்கவேண்டும் என்பதுதான் இதைச் செய்தவர்களின் ஆசை. முதல் ரகம் 1997 வரை தயாரானது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தன. எல்லா ரகங்களும் சேர்ந்து, 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்டது.

இந்தக் காரின் அடியில் ஒரு விசேஷம் உண்டு. முன்னால் என்ஜின், அதன் வாலில் கியர் பெட்டி. பின்சக்கரங்களுக்கு நடுவில் "டிபரன்ஷியல்" என்ற பல்சக்கரப் பெட்டி. இரண்டு பெட்டிகளையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இறுகப் பிடித்திருக்கிறது. ஆகவே, முன்னாலிருந்து பின்னால் வரை எல்லாம் ஒரே துண்டு!

அந்த ஒரே துண்டை நாலு இடங்களில்தான் தாங்கியிருக்கிறார்கள். என்ஜினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மவுண்டிங். பின்னால் டிபரன்ஷியலுக்கு இரண்டு. கியர் பெட்டிக்குத் தனியாக மவுண்டிங்கே கிடையாது. நாலில் ஒன்று கெட்டாலும், அந்தத் துண்டு முழுவதும் ஆட்டம் காண்கிறது.

அன்னப் பறவை

ஒரு காலத்தில் கார்களுக்கு இந்த ரப்பர் மெத்தை இல்லை. என்ஜினைச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உடம்பெல்லாம் அதிரும். 1931-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி, தனது பிளிமத் காரில் என்ஜினை ரப்பரின்மேல் ஏற்றி வைத்தது. "மிதக்கும் சக்தி" என்று அதற்குப் பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. பிரான்சின் சித்ரோயன் கம்பெனி அந்த உரிமையை வாங்கியது. தன் கார்களின் முகப்பில், நீரில் மிதக்கும் அன்னப் பறவையின் படத்தையே பொறித்துவிட்டது!

ரப்பர் என்ன செய்கிறது? வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு ரப்பர் வளையத்தில் சின்னப் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால், பூட்டும் கூடவே ஆடும். கையை மிக வேகமாக ஆட்டிப் பாருங்கள். பூட்டு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும்! ஆட்டத்தை ரப்பர் விழுங்கிவிடுகிறது. வளையத்துக்குப் பதில் ஒரு குச்சியின் நுனியில் பூட்டைக் கட்டினால்? கை ஆடுகிறபடியெல்லாம் பூட்டும் ஆடும்.

நாலு சிலிண்டர் என்ஜின் ஒருமுறை சுற்றினால் இரண்டு முறை வெடிக்கிறது. கார் சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 850 சுற்று. அதாவது விநாடிக்குச் சுமார் 28 உதறல்! மென்மையான ரப்பர் அதில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. மவுண்டிங் எவ்வளவு கெட்டியோ, அவ்வளவு உதறல் ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் வந்து சேரும்.

இரண்டு பொருள்களின் கதை

ரப்பர் என்பது மரத்துப் பால். மலேயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து, மரத்தைக் கீறி வடித்தார்களே, அதே பால். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-ல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர். உலகமே அதனால் பிழைத்தது. அவரோ 1860-ல் கடனாளியாகவே செத்தார்.

பாலியூரிதேன் மரத்தில் காய்ப்பதல்ல. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற ரசாயன அறிஞர் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியது. மெத்தைப் பஞ்சும் அதில் செய்யலாம். செருப்பின் அடியும் செய்யலாம். காருக்கு வருவது அதன் கெட்டியான ஜாதி. கடினத்தை அளக்க "ஷோர்" என்று ஒரு கணக்கு உண்டு. என்ஜின் ரப்பர் சாதாரணமாக 50, 60 என்ற அளவில் இருக்கும். பாலியூரிதேன் 70-லிருந்து 95 வரை போகும்.

பாலியூரிதேனை எண்ணெய் சுலபத்தில் தின்னாது. ரப்பருக்கு எண்ணெய் எமன்! வால்வு மூடியிலிருந்து சொட்டும் எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால், ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். வெயிலும் என்ஜின் சூடும் அதை வெடிக்க வைக்கும். கடைசியில் இரும்புத் தகட்டை விட்டே பிரிந்துவிடும். அப்போது என்ஜின் ஒரு பக்கம் சாய்கிறது. தண்ணீர்க் குழாயும் புகைக் குழாயும் இழுபடுகின்றன. "டக்" சத்தத்தை வருஷக்கணக்கில் அலட்சியம் செய்தால் வருகிற செலவு இது.

பாலியூரிதேன் போட்டவர்கள் குஷியோடு சொல்வது என்ன? "ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார் பாய்கிறது. கியர் கம்பி அசையவே இல்லை." உண்மைதான். என்ஜின் முறுக்கிக்கொண்டு எழும்ப இடம் இல்லாததால், சக்தி உடனே சக்கரத்துக்குப் போகிறது.

ஆனால், இதில் ஒரு சூது இருக்கிறது! அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது எதை? 30 வயதுக் கிழட்டு ரப்பரையும், கடையிலிருந்து நேற்று வந்த பாலியூரிதேனையும். கிழவனையும் வாலிபனையும் மல்யுத்தத்துக்கு விட்டால் யார் ஜெயிப்பார்கள்? புது ரப்பர் போட்டாலும் அந்த "டக்" போய்விடும். கியர் கம்பியின் ஆட்டமும் அடங்கும். இதைப் பலர் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

மனைவி கேட்கும் கேள்வி

முன்னால் கெட்டி மவுண்டிங் போட்டால், சும்மா நிற்கும்போது கார் உதறும். பின்னால் டிபரன்ஷியலில் கெட்டியாகப் போட்டால், ஓடும்போது பல்சக்கரங்கள் "ஊய்ங்" என்று பாடுவது காதில் விழும். பந்தய மைதானத்தில் ஓட்டுகிறவருக்கு இரண்டும் பொருட்டல்ல. தலையில் ஹெல்மெட் இருக்கிறது. கவனம் அடுத்த வளைவில் இருக்கிறது. அவர் பாலியூரிதேனே போடட்டும்.

தினமும் வேலைக்குப் போய் வருகிறவர் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். முதல் சிக்னலிலேயே, "இது என்ன, மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே?" என்று கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வது? ஆசையோடு வாங்கிய கார் கொட்டகையிலேயே கிடக்கும். அவருக்குப் புது ரப்பர்தான் சரி.

நடுவழி ஒன்றும் உண்டு. பந்தயக்காரர்களுக்காக மாஸ்டாவே கொஞ்சம் கடினமான ரப்பரில் மவுண்டிங் செய்து விற்றது. பாலியூரிதேன் அளவுக்கு உதறாது. சாதாரண ரப்பர் அளவுக்கு ஆடாது. வேகமும் வேண்டும், வீட்டில் சமாதானமும் வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

மாஸ்டா கம்பெனி 2017-ல் ஜப்பானில், இந்த முதல் ரகக் கார்களைப் பழையபடி புதுப்பித்துத் தரும் வேலையைத் தொடங்கியது. துணிக்கூரை, மரத்தாலான ஸ்டியரிங் வளையம், அந்தக் கால அளவிலேயே டயர் ஆகியவை மறுபடி தயாரிக்கப்பட்டன. கார் எப்படிப் பிறந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி.

மாட்டும்போது கவனம்

என்ஜின் மவுண்டிங்கை வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் உண்டு. ஜாக்கியின்மேல் கனமான பலகை வைத்து, என்ஜினை மெல்லத் தாங்கிக்கொண்டு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது! டிபரன்ஷியல் புஷ்ஷோ பிடிவாதக்காரன். அதைத் தள்ளி எடுக்க பிரஸ் மிஷின் வேண்டும். பட்டறைக்குப் போவதே மேல்.

எண்ணெய்க் கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்கவேண்டும். பிறகு புது மவுண்டிங்கின் போல்ட்டுகளை லேசாக மாட்டிவைத்து, ஜாக்கியை இறக்கி, என்ஜினின் முழு எடையும் உட்கார்ந்த பிறகே முடுக்கவேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே முடுக்கிவிட்டால், ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரத்தில் மறுபடியும் "டக்" கேட்கும்.