ஒன்றே முக்காலில் எத்தனை அரை?

கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு பி.எட். சேருகிறவர்களுக்கு நுண்கணிதம் தண்ணீர் பட்ட பாடு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது பின்னக் கணக்கில்தான். "வகுக்கும்போது ஏன் சார் தலைகீழாக்கிப் பெருக்கணும்?" என்று ஒரு பையன் கேட்டால், "அதுதான் விதி" என்பதைத் தாண்டி எங்களில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் லிபிங் மா ஆசிரியர்களிடமே கொண்டுபோனார். சீனக் கிராமமொன்றில் பள்ளி ஆசிரியையாக இருந்து, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்தவர். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்னார். அதற்கு ஒரு கதைக் கணக்கும் கேட்டார். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாக வகுத்தார்கள். அமெரிக்கர்கள் 23 பேரில் 9 பேர்தான் முழுமையான விடை தந்தார்கள். கதைக் கணக்கில் பலர் அரையால் வகுப்பதை விட்டுவிட்டு இரண்டாகப் பங்கு வைத்தார்கள். அவர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். 1999-இல் வந்த அவருடைய நூலில் என்னை உறுத்துவது இதுதான்.

நம் ஊரில் இதற்குக் கதை தேட வேண்டியதில்லை. ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் அடைத்தால் எத்தனை வரும்? ஒரு லிட்டருக்கு இரண்டு பாக்கெட் என்பது கடைக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே இரண்டால் பெருக்கு, மூன்றரை. தலைகீழாக்குவதன் காரணம் அவ்வளவே.

தவறான விடையைக் கையாள்வது இன்னும் கடினம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் குழந்தை சோம்பேறி அல்ல. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது. முழு எண்ணில் பழகிய பழக்கம் அது. சிவப்பு மையால் அடித்தால் அந்தப் பழக்கம் போகாது. "ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரியதா, சின்னதா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். அரையோடு இன்னொரு பின்னத்தைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்தது எப்படி என்று குழந்தையே திகைக்கும். அந்தச் சில நொடி மௌனத்தைத் தாங்குவது எந்தப் பயிற்சி மாணவருக்கும் லேசில்லை. வாய் தானாகவே விடையைச் சொல்லத் துடிக்கும்.

இரண்டாண்டு பி.எட். படிப்பில் இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. அதில் பெரும் பொழுது பாடக்குறிப்பு எழுதவும், சார்ட் ஒட்டவும், ரெக்கார்டு முடிக்கவுமே போகிறது. அழகான சார்ட்டுக்கு மதிப்பெண் உண்டு. வழிகாட்டி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரும்போது, தவறான விடை சொன்ன பிள்ளையிடம் பயிற்சி மாணவர் அடுத்து என்ன கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணை அதற்குப் போடுங்கள்.