கலோரிப் பட்டியலில் கடைசி இடம்

காலை 6 மணிக்குக் கோவை ரேஸ் கோர்ஸ் பக்கமோ மெரினா பக்கமோ போனால், கையில் கட்டிய வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து நடப்பவர்களைக் காணலாம். ‘இன்னிக்கு 300 கலோரி போயிடுச்சு’ என்ற திருப்தியோடு நேராக டிபன் கடைக்குள் நுழைபவர்களும் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். அதே நேரம் சைக்கிள் மிதித்தால் 240, மெதுவோட்டம் ஓடினால் 290, ஷட்டில் விளையாடினால் 190. ஸ்கிப்பிங்கில் 380 வரை போகும். ஆனால், அரை மணி நேரம் விடாமல் குதிக்க யாரால் முடியும்?

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த அரை மணியில் 35 கலோரி எரிந்திருக்கும். அதைக் கழித்தால் நடையின் நிகர லாபம் 85தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். சாப்பாட்டில் கை வைக்காமல் தினமும் அரை மணி நடந்தால், அந்த ஒரு கிலோவுக்கு மூன்று மாதம் ஆகும்.

வாட்ச்சை நம்பலாமா? 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே சொல்லின. கலோரியில் மட்டும், இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்!

ஆனாலும் என் கவலை வாட்ச் அல்ல. தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் போன்ற பயிற்சிகள் இந்தப் பட்டியலில் அடிமட்டத்தில் இருக்கின்றன. அரை மணிக்கு 120 கலோரிதான். ‘நடந்தாலே அவ்வளவு போகுதே, இது எதுக்கு?’ என்று ஒதுக்கிவிடுகிறோம். குறிப்பாக, நம் வீட்டுப் பெண்கள் காலையில் நடக்கிறார்கள், இரவுச் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், எடை இறங்கியதும் மகிழ்கிறார்கள். இறங்கிய எடையில் கால்வாசி வரை தசையாக இருக்கலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 30 வயதைத் தாண்டினாலே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை தானாகவே குறைகிறது. அதன்மேல் பட்டினியும் சேர்ந்தால் என்ன ஆகும்?

தசை விஷயத்தில் இந்தியர்களாகிய நாம் பிறவியிலேயே பின்தங்கியவர்கள். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்த உடம்பில் சர்க்கரை நோய் சீக்கிரம் குடியேறுகிறது.

நடை மட்டுமே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். இதயத்துக்கும் மனதுக்கும் நடை நல்லது, மறுப்பில்லை. உலக சுகாதார நிறுவனமோ வாரம் 150 நிமிடம் நடை போன்ற பயிற்சியோடு, 2 நாளாவது தசைக்கான பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

இதற்கு ஜிம் கட்டணம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, இவற்றில் தொடங்கலாம். கூடவே தட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் கூடட்டும். மூட்டு வலியோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் இந்த வாரமே தொடங்கலாம். உங்கள் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.