சாட்சிக்கு வயதாகிறது!

விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மடித்த சம்மனோடு வந்து நிற்கிறார் சாட்சி. வழக்கு எண்ணைச் சொல்லி அழைக்கிறார்கள். எதிரிகள் ஆறு பேரில் ஐந்து பேர் ஆஜர். ஒருவருக்குக் காய்ச்சல் என்று மனு. சீனியர் வேறு நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருப்பதாக ஜூனியர் வழக்கறிஞர் சொல்கிறார். இரண்டு மாதம் தள்ளி வாய்தா. கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே சாட்சி பேருந்து நிலையத்துக்கு நடக்கிறார்.

நம் ஊர்க் குற்றவியல் நீதிமன்றங்களில் வாடிக்கையாகிப்போன காட்சி இது. ஒரு வழக்கு இருபது ஆண்டுகள் இழுக்கிறது என்றால், இப்படிப்பட்ட காலைப்பொழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்றுதான் பொருள்.

எங்கே சிக்குகிறது?

குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கே தடய அறிவியல் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். தாக்கலான பின் எதிரிகள் எல்லோருக்கும் நகல் தர வேண்டும். ஒருவர் தலைமறைவானால் பிடிவாரண்ட். அவர் கிடைக்கும் வரை மற்றவர்களின் வழக்கும் நிற்கும், அல்லது அவர் வழக்கைத் தனியே பிரிக்க வேண்டும். இதற்கிடையே உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டால் வழக்குக் கட்டு அப்படியே உறங்கும். விசாரணை அதிகாரி மாற்றலாகி நாலு மாவட்டம் தாண்டிப் போயிருப்பார். நீதிபதியும் மாறுவார், புதியவர் கட்டை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே பரிந்துரைத்தது. இன்றுவரை அதில் பாதியைக்கூட நாம் எட்டவில்லை.

வாச்சாத்தி சொல்லும் கணக்கு

தர்மபுரி மாவட்டம், வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் சிறுமிகளும் உண்டு. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 1995-ல்தான் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023-ல், அதே செப்டம்பர் 29 அன்று. ஆக மொத்தம் 31 ஆண்டுகள்!

சிறுமிகளாக வதைபட்டவர்கள் நடுத்தர வயதில் நின்று அந்தத் தீர்ப்பைக் கேட்டார்கள். கடைசி வரை அவர்கள் சொன்ன சொல் மாறவில்லை. அதனால்தான் வழக்கு பிழைத்தது. எல்லாச் சாட்சிக்கும் அந்த உறுதி வாய்க்குமா? ஒவ்வொரு வாய்தாவும் மிரட்டலுக்கும் பேரத்துக்கும் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு மாதம். முதலில் ஞாபகம் மங்கும். பிறகு மனம் சலிக்கும். முடிவில் சாட்சி பிறழ்வார். குற்றமே செய்யாமல் மாட்டிக்கொண்டவரோ, ஜாமீன் கட்ட வழியில்லாமல் சிறையில் இளமையைத் தொலைப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் நடத்த வேண்டும் என்பதே சட்டம். சாட்சி வந்து நிற்கும்போது, எழுத்தில் பதிவுசெய்த தனிக் காரணம் இல்லாமல் அவரை விசாரிக்காமல் ஒத்திவைக்கக் கூடாது. வழக்கறிஞருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை என்பது காரணமே ஆகாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309-வது பிரிவில் இருந்த இந்த விதிகள், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 346-வது பிரிவிலும் இருக்கின்றன.

நீதிபதி இடங்களை நிரப்புவதும் தடய ஆய்வகங்களைப் பெருக்குவதும் அரசின் கடமை. அதற்குப் பணம் வேண்டும், காலமும் பிடிக்கும். ஆனால், வந்த சாட்சியை வந்த அன்றே விசாரித்து அனுப்ப இருக்கிற சட்டமே போதும். வீண் வாய்தா கேட்கும் தரப்பைச் செலவுத்தொகை கட்டச் சொல்லும் அதிகாரமும் நீதிபதியிடம் இருக்கிறது. அந்த அதிகாரம் தயங்காமல் பயன்படட்டும். கூலியை விட்டுவிட்டு வந்தவர், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு ஊர் திரும்பட்டும்!